ராஜாவுக்குக் கொள்ளி வைத்த வீடு

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் மத்தியானம், வீராம்பட்டினத்திலிருந்து நான்கு பேர் முதலியார்பேட்டையில் சாமிக்கண்ணுவின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் தட்டு இருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு வேட்டி, துண்டு. பெரிய கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. சின்னப்பாப்பா முழங்கைவரை மாவோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். தட்டோடு வருகிறவர்கள் பெண் கேட்டு வருவார்கள். இந்த வீட்டில் கொடுப்பதற்குப் பெண் இல்லை.

"யார் வூடு வேணும்?"

"சாமிக்கண்ணுண்ணன் வூடு. மில்லு சாமிக்கண்ணு."

"இதான்."

"ராஜாவுக்குக் கொள்ளி வெச்சவரு?"

சின்னப்பாப்பா உள்ளே போய் கிரைண்டரை நிறுத்தினாள். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இருபது வருஷத்தில் வாசலில் நின்று ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

புதுச்சேரிக்கு ராஜா இருந்த கதை இப்போதைய பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது எழுதிய ஒப்பந்தத்தில் கோட்டை வீட்டு ராஜாவுக்கு ஆட்சி இல்லை, மரியாதை உண்டு என்று இருந்தது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவர் குடியரசு தினத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களோடு கடற்கரைச் சாலையில் மாலை வைத்தார். பள்ளிக்கூடங்களுக்கு மிட்டாய் அனுப்பினார். இவையெல்லாம் அவர் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். அவர் இல்லாமல் நடக்காதது ஒன்றே ஒன்றுதான்: ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் அம்மன் தேர். ராஜா விடியற்காலையில் கடலில் மூன்று முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு நடந்து வந்து வடத்தைத் தொட்டு, 'அலோன்' என்று குரல் கொடுப்பார். புறப்படலாம் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை. அதன்பிறகே மற்றவர்கள் வடத்தில் கை வைப்பார்கள்.

மார்கழித் திருவாதிரைக்கும் அந்தக் குடும்பம் அதே கரைக்குக் குளிக்க வரும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில், பாரிஸில் இருந்த ராஜாவின் தம்பி குடும்பமும் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவர் பாக்கியில்லாமல் ஒன்பது பேரும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது சுனாமி வந்தது.

அதற்குப் பிறகு ராஜாவின் வெள்ளித்தடியை வடத்தின்மேல் வைத்துத் தேர் இழுத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. போன வருஷம் மேலண்டை வீதி முக்கில் தேர் சாய்ந்து, முட்டுக்கட்டை போடுகிறவரின் கால்மேல் சக்கரம் ஏறிவிட்டது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

"அம்மன் முன்னால பூ கட்டிப் போட்டுப் பாத்தோம்ணே," என்றார் அரிகிருஷ்ணன். வந்த நால்வரில் மூத்தவர். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "தடியா, கையான்னு ரெண்டு பொட்டலம். மூணு தபா போட்டோம். மூணு தபாவும் கைன்னே வந்துச்சி. யார் கைன்னு ஒரு வாரம் பேசினோம். ரத்தத்துல ஒருத்தரும் இல்ல. அப்புறம் கொள்ளி வெச்சவன் தான் புள்ளன்னு எங்க பெரிசு ஒண்ணு சொல்லிச்சி. மறுத்துப் பேச முடியல."

சாமிக்கண்ணு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வைகாசியில் நெஞ்சில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. மில் மூடியபிறகு ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக நின்றவர் இப்போது அதையும் விட்டு, மனைவிக்கு மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மாடிப்படியே ஏறக்கூடாதுன்னுட்டாங்க," என்றார்.

"தெரியும்ணே. விசாரிச்சிட்டுத்தான் வந்தோம். உங்க புள்ள, தம்பி இருக்குது இல்ல? எழிலரசன். கேட்டா வராதா?"

சின்னப்பாப்பா மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்த டம்ளரில் மோர் தளும்பிக் கீழே சிந்தியது.

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்குது," என்றாள்.

"அப்படிங்களா? எத்தினாவது மாசம்?"

"அஞ்சு முடியப்போவுது. போன வருஷம் ஒண்ணு தங்காம பூடுச்சி."

அரிகிருஷ்ணன் கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் மோரைப் பார்த்தார்கள். முழுகாமல் இருக்கிறவளின் புருஷன் கடலில் முழுகக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, கொள்ளி பக்கம் போகக்கூடாது என்பது கடற்கரையில் இருக்கிறவர்களுக்கும் தெரியும், மில் வேலைக்குப் போனவர்களுக்கும் தெரியும்.

"அது மனுசாளு கணக்கு அண்ணி," என்றார் கடைசியில். "இது அம்மன் வேல. அம்மன் அப்படி உட்டுருவாளா? யோசிச்சி சொல்லுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல. வேற கை எங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்."

தட்டை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

*

எழிலரசனுக்கு வீட்டுக்கு வருவதற்குள்ளேயே செய்தி தெரிந்துவிட்டது. லாஸ்பேட்டையில் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் மெக்கானிக். கூட வேலை செய்கிற ஒருவனுக்கு வீராம்பட்டினத்தில் மாமியார் வீடு.

"எம்மா, மகாராணி, சோறு போடு," என்று உள்ளே வந்தான். "இளவரசர் பசியோட வந்திருக்காரு."

"வாய மூட்றா."

"ஏன் மூடணும்? ஷோரூம்ல மேனேஜரே எழுந்து வந்து கை குடுத்தாரு. போன மாசம் லீவு கேட்டப்ப மூஞ்சப் பாக்காத ஆளு. பசங்க பேனர் அடிக்கக் குடுத்துட்டானுங்க."

"என்ன பேனரு?" என்றாள் அவன் மனைவி தீபலட்சுமி. நேரு வீதியில் மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, காலைத் தூக்கி முக்காலியில் வைத்திருந்தாள்.

அவன் போனைக் காட்டினான். கிரீடம் வைத்த எழிலரசன். பின்னால் சிங்கம். பக்கத்தில் தேர். 'எங்கள் இளவரசரே வருக'. கழுத்தில் போட்டிருந்த மாலை வேறு யாருடைய கல்யாணப் படத்திலிருந்தோ எடுத்தது.

தீபலட்சுமி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கிரீஸ் கறை மட்டும் அப்படியே வுட்டுட்டானுங்க பாருங்க. காதுகிட்ட."

"சிரிக்காத," என்றாள் சின்னப்பாப்பா. "வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்காத."

அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை. இருவரும் அடங்கினார்கள்.

"நீ கடல்ல எறங்கக்கூடாதுடா. அவ முழுவாம இருக்கா."

"எம்மா, இது எந்தக் காலம்?"

"எந்தக் காலமா இருந்தா இன்னா? கடல் பழைய கடல் தான?"

"அத்த, எங்க கடைக்கு ஒரு நாளைக்கு அம்பது பேர் மாசமா இருக்கறவங்க வராங்க," என்றாள் தீபலட்சுமி. "அவங்க புருஷனுங்க எல்லாம் கடலுக்கே போவாமயா இருக்கானுங்க? மீன்புடிக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?"

"அவங்க தொழிலுக்குப் போறாங்க. இவன் செத்தவங்க எடத்துக்குப் போறான். ஒம்போது உசுரு போன தண்ணில முழுவி, செத்தவன் எடத்துல நிக்கப் போறான். உனக்குப் பயமா இல்ல?"

தீபலட்சுமி முக்காலியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள். போன வருஷம் நடந்ததைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. மாத்திரைகளை மட்டும் ஒரு நேரம் தவறாமல் போட்டுக்கொள்வாள்.

"ஊரே கேக்குதும்மா," என்றான் எழிலரசன். "நாளைக்கு இன்னொருத்தன் கால் போச்சின்னா? அவன் வூட்லயும் பொண்டாட்டி புள்ள இருக்கும் இல்ல?"

கட்டிலிலிருந்து சாமிக்கண்ணு சொன்னார்: "நான் போறேன்."

"நீ போவ," என்றாள் சின்னப்பாப்பா. "மாத்திரைய நானே எடுத்துக் குடுத்தாத்தான் முழுங்கற. நீ ஆடிக் கடல்ல எறங்கப் போறியா? ஒரு அலை தாங்குவியா?"

"அப்ப யாருதான் போவறது?"

சின்னப்பாப்பா சாதத்தில் ரசத்தை ஊற்றினாள். மீன்குழம்பு வைத்திருந்ததை மறந்துபோய்விட்டாள்.

*

மாவு வேலை ஒரு ஒழுங்கில் நடக்கிற வேலை. காலையில் அரிசி ஊறப் போட வேண்டும். உளுந்தைத் தனியாக, வெந்தயத்தோடு. மத்தியானம் உளுந்தை முதலில் ஆட்டி எடுத்து, பிறகு அரிசி. தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் உளுந்து எழும்பாது. கல்லுப்புப் போட்டு அடித்துக் கலந்து, நாலு மணிக்குப் பாக்கெட் போட்டால் ஆறு மணிக்குள் தெரு வாங்கிக்கொண்டு போய்விடும். ஆடி மாதம் கூழுக்கும் கேழ்வரகு மாவு கேட்பார்கள். வேலை இரட்டிப்பு.

அந்தப் புதன்கிழமை சின்னப்பாப்பா ஆட்டிய மாவு புளிக்கவில்லை. உப்பை இரண்டு தரம் போட்டிருந்தாள். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அன்னக்கிளி ஒரு வாய் இட்லியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இன்னாக்கா, ராஜா வூட்டு மாவு கடல் தண்ணில ஆட்னதா?"

"குடுத்துட்டுப் போ. வேற தரேன்."

"நான் தமாசுக்குச் சொன்னேன். ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"காத்து சரியில்ல."

காற்று உண்மையிலேயே சரியில்லை. தென்மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது. மொட்டை மாடித் துணிகள் பக்கத்துத் தெருவுக்குப் போயின. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று டிவியில் ஓடியது. சின்னப்பாப்பா அந்த எழுத்துகளை ஒவ்வொரு தடவையும் முழுசாகப் படித்தாள். இருபது வருஷமாக அவள் கடலைப் பார்த்ததில்லை. கடற்கரை இருக்கிற ஊரில் அப்படி இருப்பது கஷ்டம் இல்லை. பஸ்ஸில் போனால் மேற்குப் பக்கம் உட்கார்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அன்று மாவு பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே சாமிக்கண்ணு சொன்னார்.

"உம் மனசுல இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

"அன்னிக்கு நாங்க மில்லுலேர்ந்து சங்கத்து ஆளுங்க முப்பது பேர் போனோம். பொணம் பொறுக்கத்தான் போனோம். ராஜா வூட்டுதுங்கள மட்டும் தனியா கெடத்தி வெச்சிருந்தாங்க. போலீஸ் துப்பாக்கியோட நிக்கிது, மரியாத வேட்டுப் போட. வெட்டியான் கேக்கறான், கொடம் தூக்க ஆம்பள யாருன்னு. ஒருத்தனும் வாயத் தொறக்கல. அரமன மேனேஜரு வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு, எங்க வழக்கம் வேற பான்னு அழுவறாரு. அதுல ஒரு சின்னப் பொண்ணு… அதோட காலு மட்டும் போர்வைக்கு வெளிய தெரிஞ்சிது. கொலுசு ஒரு காலுல இருந்துச்சி."

"இத நான் கேட்டனா?"

"நீ கேக்கவே இல்ல. இருவது வருஷமா கேக்கவே இல்ல. அதனாலதான் சொல்றேன். நீ முழுவாம இருக்கறது எனக்கு அப்ப ஞாபகமே இல்ல, சின்னா. கொடத்தத் தோள்ல வெச்சி மூணாவது சுத்து வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சி. அப்ப கீழ வெக்க முடியுமா?"

சின்னப்பாப்பா ஒரு பாக்கெட்டை எடுத்தாள். கையில் எடை பார்த்தாள். வைத்தாள்.

மாசியில் பிறந்த குழந்தை அழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. டாக்டர் ஒரு காரணம் சொன்னார். மாமியார் ஒரு காரணம் சொன்னாள். சாமிக்கண்ணு மொட்டைத் தலையில் முளைத்த முடியோடு வராந்தாவில் நின்றிருந்தார். அதன்பிறகு வருஷா வருஷம் மார்கழித் திருவாதிரையில் அவர் கோட்டை வீட்டுக்குத் திதி கொடுத்தார். சின்னப்பாப்பா ஒன்பது இலைக்கும் சமைத்தாள். வாழைக்காய், பூசணிக்காய், எள்ளுருண்டை, வடை. ஒரு வருஷமும் அவள் மறுத்ததில்லை. ஒரு வருஷமும் அந்த இலைகளைப் பார்த்துக் கும்பிட்டதும் இல்லை.

"பொண்ணு தான அது?" என்று சாமிக்கண்ணு கேட்டார். "எங்கிட்ட காட்டல அவங்க."

"பொண்ணுதான்."

"யார் மாதிரி?"

"மூக்கு உன்னுது," என்றாள். பிறகு, "அந்தப் பேண்ட ரெண்டு சுத்து சுத்து. மாவு ஒழுவுது," என்றாள்.

*

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தீபலட்சுமி மருந்துக்கடையிலிருந்து பாதி வேலையில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "அத்த, லேசா ரத்தம் படுது," என்றாள். எவ்வளவு என்று சின்னப்பாப்பா கேட்கவில்லை. அதே ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எழிலரசன் சர்வீஸ் சட்டையோடு ஓடிவந்தான்.

குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஸ்கேனில் சத்தத்தைக் கேட்கவும் வைத்தார். ஆனால் பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது. கழிப்பறைக்குத் தவிர கால் தரையில் படக்கூடாது. அசைவு குறைந்தாலோ மறுபடி பட்டாலோ உடனே வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து படுக்கவைத்ததும் தீபலட்சுமி சின்னப்பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த. நான் அன்னிக்கு அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது இல்ல?"

"சிரிச்சா ஒண்ணும் ஆவாது. படு."

"அவர போவ வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னா நான் பயந்துட்டேன்னு நெனப்பாரு."

"பயந்துட்டதான?"

"ஆமா," என்றாள் தீபலட்சுமி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எழிலரசன் வாசலில் உட்கார்ந்து, அரிகிருஷ்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். இளவரசன் குரல் இல்லை அது.

"இல்லண்ணே… ஆமா, பெட்ரெஸ்ட்டு… இல்லண்ணே, நான் பின்வாங்கல, ஆனா…"

ஸ்பீக்கரில் அரிகிருஷ்ணனின் குரல் கேட்டது. "தம்பி, முதல்ல பொண்ணப் பாரு. உன்னக் குத்தம் சொல்ல மாட்டோம். ஆனா ஒண்ணு கேளு. அம்மன் கிட்ட கைன்னு கேட்டு வாங்கிட்டு, திரும்பத் தடிய வெச்சா, வடத்த எவனும் தொட மாட்டேங்கறான். முட்டுக்கட்ட போட ஆள் வர மாட்டேங்குது. ஊர்ல இதான் நெலம. அப்பாவ சும்மா கடல் தண்ணிய தெளிச்சிக் கூட்டியாந்தா போதுமான்னு கேட்டுப் பாத்தேன். பெரிசுங்க ஒத்துக்கல. முழுக்குன்னா முழுக்குத்தானாம்."

அரியாங்குப்பம் பாலத்தருகில் பேனர் நிற்பதாகச் சொன்னார்கள். அதை எடுக்கச் சொல்ல எழிலரசனுக்கு வாய் வரவில்லை. காற்று இரண்டு நாளில் அதைக் கிழித்துவிட்டது. கிரீடம் மட்டும் கம்பத்தில் தொங்கியதாம்.

சாமிக்கண்ணு இந்த நாட்களில் மனைவி சொல்லாமலே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை முடிவெட்டும் கடைக்குப் போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். சின்னப்பாப்பா அதைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. மருமகளுக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தட்டில் வந்த வேட்டியும் துண்டும் இல்லை.

"டேய், உங்கப்பா பூட்டாருடா."

எழிலரசன் பாயிலிருந்து எழுந்தான். உள்ளறையில் தீபலட்சுமி விழித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். அவன் அவளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். வண்டிச் சாவியை எடுத்தான்.

"சாவியக் கீழ வெய்யி," என்றாள் சின்னப்பாப்பா. "நீ அங்க போனா உன்னத் தண்ணில எறக்குவானுங்க. இல்ல நீயே எறங்குவ. இங்கயே அவ பக்கத்துல உக்காரு. அன்னக்கிளியக் கூப்பிட்டு வெச்சிக்க. போன மட்டும் எனக்குக் குடு."

"நீ எப்படிம்மா அங்க…"

"எல்லாரும் போறா மாதிரிதான்."

ஆட்டோ முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் பாலம் ஏறியது. இடதுபக்கம் திரும்பியதுமே கூட்டம். பொரிகடலைக் கடைகள், வளையல் கடைகள், இன்னும் சுற்றத் தொடங்காத ராட்டினம். நான்கைந்து ஊர்களின் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோ நின்றுவிட்டது. அவள் இறங்கி நடந்தாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. மற்றதையும் உதறிவிட்டாள். தேர் நிற்கிற இடத்தைத் தாண்டும்போது தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வீடுகள் முடிந்து, வலைகள் குவித்திருந்த இடம் முடிந்து, மணல் வந்தது. மணலுக்கு அப்பால் அது இருந்தது.

பழுப்பாக, நுரையோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தது. சின்னப்பாப்பாவின் கால் நின்றுவிட்டது.

கரையில் பெரிய மனிதர்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் சாமிக்கண்ணு, மேல்சட்டை இல்லாமல், மெலிந்த மார்போடு. அரிகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்திருந்தார்.

"வாணாம்ணே. எங்களுக்கே பயமா இருக்கு. அலை ஆள் ஒசரத்துக்கு வருது."

"கொள்ளி வெச்சது நான் தான? வுடு."

"உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நாங்க எந்த மூஞ்சோட உங்க வூட்டுக்கு வருவோம்?"

"வந்துட்டேன்," என்றாள் சின்னப்பாப்பா. "மூஞ்சக் காட்டுங்க."

வட்டம் விலகியது. சாமிக்கண்ணு அவளைப் பார்த்துவிட்டு மணலைப் பார்த்தார்.

"துண்டப் போத்திக்க," என்று அவரிடம் சொன்னாள். "மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"பொய்." பிறகு அரிகிருஷ்ணனிடம் திரும்பினாள். "உங்களுக்கு ஒரு கை வேணும். அந்த வூட்டுக் கை. அவ்ளோ தான?"

"அண்ணி, ஆம்பள…"

"கொள்ளி வெச்சவரு அந்த வூட்டுப் புள்ளன்னா நான் யாரு? இவரு ஒரு நாள் கொடம் தூக்கினாரு. இருவது வருஷமா ஒம்போது எலைக்கும் ஆக்கிப் போட்டது யாரு? இவரா ஆக்கினாரு? இவருக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாது. ஒரு வருஷம் வடையில உப்பு கம்மின்னு எந்த ராஜாவாவது சொல்லியிருப்பாரா?"

யாரோ சிரித்தார்கள். பெரிசுகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "பொம்பள தொட்டு வடம் புடிச்ச வழக்கம் இல்லம்மா. ராணியம்மா இருந்தப்பகூட…"

மீன்கூடைகள் அருகே நின்ற பெண்களிலிருந்து ஒரு குரல் வந்தது. "தேருல ஒக்காந்துக்கினு இருக்கறது ஆம்பளயா பெரிப்பா? அத எறக்கி வுடு முதல்ல."

"நீ சும்மா இருடி."

"ஏன் சும்மா இருக்கணும்? எங்க வூட்டுக்காரரு தான முட்டுக்கட்ட போட்டாரு. காலு எங்க வூட்டுதுதான போச்சி."

அரிகிருஷ்ணன் பெரிசைப் பார்த்தார். பெரிசு மேற்கே, தேரின் கலசத்தைப் பார்த்தார். "மணி ஆவுது," என்று மட்டும் சொன்னார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கால் போனவரின் மனைவியும் இன்னொரு பெண்ணும் வந்து சின்னப்பாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். "முந்தானைய இறுக்கிச் செருகு அக்கா. அலை வரும்போது நிக்காத, உக்காரு. அது மேல போயிடும்."

தண்ணீர் கணுக்காலில் பட்டது. அவள் பின்வாங்கப் பார்த்தாள். அந்தப் பெண்கள் அதைக் காட்டிக்கொள்ளாமல் பிடியை மட்டும் இறுக்கினார்கள். முழங்கால் வந்தது. காலடி மணல் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடியது. "இப்ப," என்றாள் ஒருத்தி. சின்னப்பாப்பா உட்கார்ந்தாள். தலைக்குமேல் பச்சையாக ஒன்று கடந்துபோயிற்று. காதில், மூக்கில், வாயில் உப்பு. எழுந்தாள். மறுபடியும். மறுபடியும்.

"போதும், மூணாச்சி," என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

அவள் இன்னும் ஒரு முறை முழுகினாள்.

பெண்கள் பதறிப்போய் இழுத்தார்கள். அந்த நாலாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அலை தள்ளிவிட்டது என்று நினைத்தார்கள். கரையில் சாமிக்கண்ணு மட்டும், அது யாருக்கு என்று தெரிந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஈரப்புடவை காலில் சுற்ற, பெண்கள் இருபுறமும் வர, அவள் தேர்வரைக்கும் நடந்தாள். ஜனம் வழிவிட்டது. 'இளவரசன் எங்க?' என்று ஒருவன் கேட்க, 'வூட்ல பாப்பாவுக்குக் காவலு' என்று இன்னொருவன் சொன்னான். வடம் அவள் தொடை கனத்துக்குத் தரையில் கிடந்தது. அவள் குனிந்து இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள். மாவு ஆட்டி ஆட்டி வெளுத்துப்போன கைகள்.

"குரல் குடும்மா," என்றார் அரிகிருஷ்ணன் மெதுவாக. "அந்த வார்த்தைய."

சின்னப்பாப்பாவுக்கு வாய் திறந்தது. உப்புத்தான் வந்தது. இருமினாள். இரண்டாம் தடவை, "அலோன்," என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. அவர்கள் அதை வாங்கிக் கத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் அதை வாங்கிக் கத்தினார்கள். ஆயிரம் கை வடத்தில் விழுந்தது. பம்பையும் உடுக்கையும் ஒரே நேரத்தில் வெடித்தன. தேர் ஒரு முறை முனகி, அசைந்தது.

அவள் தேரைப் பார்க்கவில்லை. கரையில் கால் போனவரின் மகளிடம் கொடுத்துவைத்திருந்த போனைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கூட்டத்தில் புகுந்து வந்து கையில் கொடுத்தாள்.

மருமகளின் நம்பரைப் போட்டாள். மணி அடிப்பது கேட்டது. எடுத்தது தெரிந்தது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

"தீபா? இன்னா? அழுவறியா? தீபா?"

பம்பைச் சத்தத்தில் அந்தப் பக்கத்துக் குரல் சின்ன இரைச்சலாக மட்டும் வந்தது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். தேர்ப்பக்கம் போனாலும் மேளம், வீதிப்பக்கம் போனாலும் ஸ்பீக்கர். ஜனமெல்லாம் தேரோடு மேற்கே போய்க்கொண்டிருந்தது. சின்னப்பாப்பா எதிர்ப்பக்கமாக நடந்தாள். வீடுகளைத் தாண்டினாள். வலைகளைத் தாண்டினாள். சாமிக்கண்ணு கை நீட்டிக் கூப்பிட்டதையும் கவனிக்காமல் அவரைத் தாண்டினாள். மேளம் மெல்ல மெல்லப் பின்னால் போயிற்று. ஈரமணலில் நின்று போனைக் காதோடு அழுத்தினாள்.

"சொல்லு. இப்ப சொல்லு. புள்ள ஆட்டம் தெரியுதா?"

"தெரியுது அத்த. காலையிலேர்ந்து ஒரே ஒத. இவரு கைய வெச்சிப் பாத்துக்கினே இருக்காரு. மறுபடி படல. மாமா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"நீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு அலை உடைந்து வந்து கால்களை மூடிவிட்டுப் போயிற்று.

"அத்த? எங்க இருக்கீங்க? அது இன்னா அப்படி ஒரு சத்தம்?"

"கடல்டி," என்றாள் சின்னப்பாப்பா.